சேலைக்குச் சிரித்தார்கள், சட்டைக்குச் சிரிக்கவில்லை
மன்னார் வளைகுடாக் கரையில் ஒரு திரையிடல்: நிகழ்வு ஆய்வு

மண்டபத்துக்கும் கீழக்கரைக்கும் இடையில் உள்ள ஒரு மீனவக் கிராமத்தில், மீன்பிடித் தடைக்காலத்தின் ஓர் இரவில், 'சம் லைக் இட் ஹாட்' என்ற அமெரிக்கப் படத்தைத் திரையிட்டோம். பில்லி வைல்டர் இயக்கி 1959இல் வெளிவந்த கறுப்பு வெள்ளை நகைச்சுவைப் படம் அது. வேலையில்லாத இரண்டு ஆண் இசைக்கலைஞர்கள் பெண் வேடம் போட்டு, பெண்கள் மட்டுமே உள்ள இசைக்குழுவில் சேர்ந்து ஊரைவிட்டுத் தப்பிக்கும் கதை. அமெரிக்கத் திரைப்படக் கழகம் 2000இல் வெளியிட்ட நகைச்சுவைப் படங்களின் பட்டியலில் இதற்குத்தான் முதலிடம்.

பார்க்க வந்தவர்களில் பெரும்பாலோர் கடல்பாசி எடுக்கும் பெண்கள். அவர்கள் எங்கே சிரித்தார்கள், எங்கே சிரிக்காமல் இருந்தார்கள், எங்கே கோபப்பட்டார்கள் என்பதை எழுதிவைப்பது அவசியம் என்று நினைக்கிறேன். வேடம் பற்றிய நகைச்சுவையைக் குறித்து நான் படித்த எந்தக் கட்டுரையையும்விட அந்த இரவு எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்தது. ஊரின் பெயரையும் பேசியவர்களின் பெயர்களையும் விட்டுவிடுகிறேன்.

ஊரும் ஆட்களும்

கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. அந்த நாட்களில் ஆண்கள் கரையில் இருப்பார்கள். வலை பழுதுபார்ப்பார்கள், படகுக்கு வர்ணம் பூசுவார்கள், கடன் எப்படி அடைப்பது என்று பேசுவார்கள். மாலையில் கூட்டம் சேர்க்கச் சிரமம் இருக்காது. வலை பின்னும் கூடத்தின் ஒரு பக்கம் வெள்ளைத் துணி கட்டினோம். முன்வரிசையில் பெண்களும் பிள்ளைகளும் உட்கார்ந்தார்கள். ஆண்கள் பின்னால் நின்றார்கள், சிலர் கவிழ்த்துப்போட்ட வள்ளத்தின் மேல் உட்கார்ந்தார்கள்.

பாசிப் பெண்களைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த நிகழ்வின் மையமே அவர்கள்தான். 1986இல் கடல்வாழ் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட 21 தீவுகளைச் சுற்றியுள்ள ஆழமற்ற கடலில் மூழ்கி, பாறையில் ஒட்டியிருக்கும் மரிக்கொழுந்துப் பாசியையும் கட்டக்கோரையையும் கையால் பறித்து எடுப்பது அவர்கள் தொழில். மரிக்கொழுந்திலிருந்து அகர் அகர் என்ற கூழ்மப் பொருளை எடுக்கிறார்கள். இந்தக் கரையின் பல ஊர்களில், மாதத்தில் அமாவாசையை ஒட்டி ஆறு நாள், பௌர்ணமியை ஒட்டி ஆறு நாள் மட்டும்தான் கடலில் இறங்குவது என்று பெண்களே பேசி முடிவு செய்து கடைப்பிடிக்கிறார்கள். பாசி மறுபடி வளர இடம் கொடுக்கும் கட்டுப்பாடு இது.

கடலில் இறங்கும்போது அவர்கள் உடுத்துவதைக் கவனித்தவர்கள் மறக்க மாட்டார்கள். சேலைக்கு மேல் கணவனுடையதோ மகனுடையதோ ஒரு பழைய முழுக்கைச் சட்டை, கழுத்துவரை பொத்தான் போட்டு. விரல்களில் பாறை கீறாமல் இருக்கத் துணிச் சுற்று. கண்ணில் நீச்சல் கண்ணாடி. இடுப்பில் பை. தூரத்திலிருந்து பார்த்தால் கடலில் இருப்பது ஆணா பெண்ணா என்று சொல்ல முடியாது.

படம் ஆங்கிலம். திரையில் கீழே வரும் எழுத்தும் ஆங்கிலம். மௌனப்பட காலத்தில் திரைக்குப் பக்கத்தில் ஒருவர் நின்று கதையைச் சொல்லிக்கொண்டே போவார் என்று படித்திருக்கிறோம். அதே முறையை எடுத்துக்கொண்டோம். ஒலிவாங்கியைப் பிடிக்க ஊரிலேயே ஒருவர் கிடைத்தார். இளம் வயதில் கோயில் திருவிழா நாடகங்களில் பெண் வேடம் கட்டியவர், இப்போது வலை சரிசெய்து பிழைக்கிறார். பெண்கள் அவரைச் 'சித்தப்பா' என்று அழைத்தார்கள். நாங்களும் அப்படியே அழைத்தோம். முன்கூட்டியே படத்தை அவருக்குப் போட்டுக் காட்டி, ஒவ்வொரு காட்சியிலும் என்ன பேசுகிறார்கள் என்று சொல்லிவைத்தோம். எதைச் சொல்வது, எதை விடுவது என்பது அவர் முடிவு.

எங்களுக்குள்ளே ஒரு வாதமும் நடந்தது. 1996இல் வந்த 'அவ்வை சண்முகி'யைப் போட்டால் போதுமே, எல்லோருக்கும் புரியுமே என்றார் ஒரு நண்பர். நியாயமான யோசனைதான். ஆனால் அந்தப் படத்தை ஊரே பலமுறை பார்த்துவிட்டது, எங்கே சிரிக்க வேண்டும் என்பது அனைவருக்கும் மனப்பாடம். எங்களுக்குத் தெரியாத சிரிப்பைக் கேட்க வேண்டும் என்று விரும்பினோம்.

பசியிலிருந்து தொடங்கிய கதை

படத்தின் தொடக்கம் 1929ஆம் ஆண்டின் சிகாகோ. மதுவிலக்குக் காலம், கடுங்குளிர். ஜோ சாக்ஸபோன் வாசிப்பவன், ஜெர்ரி பெரிய பாஸ் வயலின் வாசிப்பவன். வேலை செய்த கள்ளச் சாராய விடுதியைப் போலீஸ் மூடிவிட்டது. கையில் காசு இல்லை, எல்லோரிடமும் கடன். நாய்ப் பந்தயத்தில் குளிருக்குப் போட்டிருந்த மேல்கோட்டையும் வைத்துத் தோற்கிறார்கள். இதைச் சித்தப்பா சொன்னபோது, முன்வரிசைப் பெண்கள் சிலர் திரும்பிப் பின்னால் நின்ற ஆண்களைப் பார்த்தார்கள். முதல் சிரிப்பு அங்கேதான் வந்தது.

பலர் கவனிக்காமல் கடந்துபோகும் ஒரு விஷயம் இங்கே இருக்கிறது. இருவரும் ஒரு கூட்டுக் கொலையைப் பார்த்துவிட்டு, உயிருக்குப் பயந்துதான் பெண் வேடம் போடுகிறார்கள் என்றே எல்லோரும் கதைச் சுருக்கம் எழுதுகிறார்கள். ஆனால் அதற்கு முன்பே, பெண்கள் குழுவில் இரண்டு இடம் காலியாக இருக்கிறது, ஃபுளோரிடாவில் மூன்று வாரம் வேலை என்று கேள்விப்பட்டதும், வேடம் போட்டுப் போய்விடலாமே என்று ஜெர்ரி சொல்லிவிடுகிறான். அப்போது ஜோ மறுக்கிறான். பயம் பிறகு வருகிறது, முதலில் வருவது பசி. ஒரு பெண் இதை உடனே பிடித்துக்கொண்டார். "சண்முகி மாமி வேடம் மகளுக்காக. இவன்கள் வேடம் கஞ்சிக்காக" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். வேடத்துக்குக் காரணம் என்ன என்பதை வைத்தே அந்தப் பெண்கள் அந்த இருவரையும் எடை போட்டார்கள். கஞ்சிக்காக என்றதும் பாதி மன்னித்துவிட்டார்கள்.

ரயில்நிலையக் காட்சி வந்தது. குதிகால் உயர்ந்த செருப்பில் இருவரும் தள்ளாடி நடக்கிறார்கள். பின்னால் நின்ற ஆண்கள் ஓவென்று சிரித்தார்கள். ஒரு பையன் திருநங்கைகளை இழிவாகச் சொல்லும் ஒரு வார்த்தையை உரக்கக் கத்தினான். சித்தப்பா கதை சொல்வதை நிறுத்திவிட்டார். படம் ஓடிக்கொண்டே இருந்தது, ஒலிவாங்கி மட்டும் மௌனமாக இருந்தது. யாரும் யாரையும் திட்டவில்லை. ஒரு மூதாட்டி பின்னால் திரும்பி, "கதையைக் கேட்க விடுடா" என்றார். பின்வரிசை அடங்கியதும் சித்தப்பா விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். சேலை கட்டிய ஆணைக் காட்டினாலே சிரிக்க வேண்டும் என்று நம் திரைப்பட நகைச்சுவை பல ஆண்டுகளாகப் பழக்கிவைத்திருக்கிறது. அந்தப் பழக்கத்தின் குரல்தான் அது. சேலை உடுத்தி வாழ்கிற மனிதர்கள் அந்தச் சிரிப்பைத் தெருவிலும் பஸ்ஸிலும் தினமும் சுமக்கிறார்கள். திரையிடலுக்கு முன்பே எங்களுக்கு இந்த அச்சம் இருந்தது. அதை ஒரு முன்னுரையால் தடுக்க முடியும் என்று நினைத்திருந்தோம். ஐந்து பேர் முன்னுரை பேசியிருந்தாலும் அந்த மௌனம் செய்ததைச் செய்திருக்காது.

லிஃப்டில் ஒரு கிள்ளல்

ஃபுளோரிடா விடுதிக்கு வந்ததும், ஆஸ்குட் என்ற வயதான கோடீஸ்வரர் டாஃப்னியாக மாறியிருக்கும் ஜெர்ரியை லிஃப்டில் கிள்ளிவிடுகிறார். ஜெர்ரி அறைகிறான். அறைக்கு வந்து, நான் அழகாகக்கூட இல்லையே என்று பொருமுகிறான். பாவாடை இருந்தால் போதும், ஆண்களுக்கு அழகெல்லாம் தேவையில்லை என்கிறான் ஜோ. நேற்றுவரை பெண்களை இப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தவன் ஜோ. அவன் வாயாலேயே இதைச் சொல்லவைத்திருப்பது திரைக்கதையின் நுட்பம்.

திரையரங்குகளில் வழக்கமாக வெடிச்சிரிப்பு எழும் இந்த இடத்தில் பெண்கள் பக்கம் சத்தமே இல்லை. கொஞ்ச நேரம் கழித்து ஒருவர், "இவனை ராமநாதபுரம் பஸ்ஸில் ஏறிப் பார்க்கச் சொல்லுங்கள் சித்தப்பா" என்றார். அதற்குப் பிறகு வந்த சிரிப்பு அலை அலையாக நெடுநேரம் ஓடியது. பின்னால் இருந்த ஆண்கள் அதில் கலந்துகொள்ளவில்லை.

இந்த இரண்டு சிரிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். ரயில்நிலையத்தில் ஆண்கள் சிரித்தது ஓர் ஆண் 'கீழே இறங்கிவிட்டான்' என்பதற்காக. லிஃப்டில் பெண்கள் சிரித்தது, தங்களுக்கு மட்டும் தெரிந்த ஒரு துன்பம் இப்போது ஓர் ஆணுக்கும் தெரிந்துவிட்டது என்பதற்காக. ஒரே படம், ஒரே வேடம். முதல் சிரிப்பை மட்டும் கறந்துகொண்டு நின்றுவிடும் படங்கள் ஏராளம். இந்தப் படம் இரண்டாவதற்கு வழி திறந்துவிட்டதால்தான் அறுபது ஆண்டுகளுக்கும் மேல் உயிரோடு இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து.

ஆண்கள் தங்கள் பங்கைப் படகில் வாங்கிக்கொண்டார்கள். ஜோ இன்னொரு வேடம் போட்டு, எண்ணெய்க் கம்பெனி வாரிசாக நடித்து, ஷுகர் என்ற பாடகியை ஆஸ்குட்டின் உல்லாசக் கப்பலுக்கு மோட்டார் படகில் அழைத்துப் போகிறான். படகை முன்னால் செலுத்தத் தெரியாமல் பின்பக்கமாகவே ஓட்டிப் போகிறான். கடலோரத்தில் பிறந்தவர்களுக்கு இதற்கு விளக்கம் வேண்டுமா? வள்ளத்தின் மேல் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து நின்று சிரித்தார்கள். கப்பலின் சுவரில் மாட்டியிருக்கும் பெரிய மீனைக் காட்டி, அது ஹெர்ரிங் இனம் என்று அவன் அளக்கும்போது, சித்தப்பா அதை "சாளை மீனுக்குச் சொந்தம்" என்று சொன்னார். பிள்ளைகளால்கூடத் தாங்க முடியவில்லை. மர்லின் மன்றோ ஷுகராக நடித்திருக்கிறார் என்பதையோ, அவர் எவ்வளவு புகழ்பெற்றவர் என்பதையோ யாரும் கேட்கவில்லை.

கோபம் வந்த இடம்

எங்கள் எதிர்பார்ப்பில் இல்லாதது இது. ரயிலில் ஷுகர், ஜோசபினை, அதாவது ஜோவை, ஒரு தோழியாக நம்பி மனம் திறக்கிறாள். சாக்ஸபோன்காரர்களிடம் ஏமாந்தது, எப்படிப்பட்ட ஆண் வேண்டும் என்ற ஆசை, எல்லாவற்றையும் சொல்கிறாள். அதையெல்லாம் கேட்டுக்கொண்டுதான், அவள் விரும்பும் அதே ஆணாக ஜோ வேடம் புனைகிறான். விமர்சகர்கள் இதைக் கதையின் சாமர்த்தியம் என்று ரசித்து எழுதியிருக்கிறார்கள்.

இந்தக் கூடத்தில் யாரும் ரசிக்கவில்லை. "அக்கா என்று நம்பிச் சொன்னதை வைத்தா ஏமாற்றுவான்?" என்று ஒருவர் கேட்டார். இன்னொருவர், "தீவுக்குப் போகும்போது படகில் நாங்கள் பேசுவது படகோடு போய்விட வேண்டும். அதைக் கேட்டு வெளியே சொன்னால் அவளோடு அடுத்த நாள் யாரும் இறங்க மாட்டோம்" என்றார். பெண்கள் தங்களுக்குள் மட்டும் பேசிக்கொள்ளும் இடத்துக்குள் வேடத்தோடு நுழைந்து, அங்கே கேட்டதைக் கொண்டுபோய் லாபம் பார்ப்பது அவர்கள் கணக்கில் திருட்டு. சேலை கட்டியது குற்றம் இல்லை, கஞ்சிக்காகக் கட்டியதும் குற்றம் இல்லை, நம்பிக்கையைத் திருடியதுதான் குற்றம்.

படமும் இதை அறிந்தே இருக்கிறது என்று நினைக்கிறேன். கடைசியில் ஷுகர் மனமுடைந்து பாடி முடித்ததும், பெண் வேடத்திலேயே மேடைக்குப் போய் அவளை முத்தமிட்டு, எந்த ஆணுக்காகவும் அழாதே என்கிறான் ஜோ. பிறகு தான் எப்படிப்பட்டவன் என்று ஒளிக்காமல் சொல்கிறான். கூடத்தில் பாதிப் பேர் இதை ஏற்றுக்கொண்டார்கள். மீதிப் பேர், ஷுகர் அவன் பின்னால் ஓடி வந்திருக்கக் கூடாது என்பதில் உறுதியாக இருந்தார்கள். எனக்கும் அதுதான் சரி என்று படுகிறது.

ஜெர்ரி மேல் அந்தக் கோபம் திரும்பவில்லை. விடிய விடிய ஆஸ்குட்டோடு ஆடிவிட்டு வந்து, கையில் மராக்கஸ் கிலுக்கிகளைக் குலுக்கிக்கொண்டே, எனக்கு நிச்சயதார்த்தம் ஆகிவிட்டது என்று அவன் அறிவிக்கும் காட்சிக்குத்தான் அன்றைய இரவின் மிகப் பெரிய சிரிப்பு. அந்தக் கிலுக்கிகளை, ஜெர்ரியாக நடித்த ஜாக் லெமன் கையில் கொடுத்தது வைல்டரின் யோசனை. அரங்கின் சிரிப்பில் அடுத்த வசனம் மூழ்கிவிடாமல், சிரிப்பு அடங்கும்வரை அவர் கிலுக்கிக்கொண்டிருக்க வேண்டும் என்பதற்காக. சித்தப்பாவுக்கு இதை நாங்கள் சொல்லவே இல்லை. அவர் தானாகவே அந்த இடைவெளிகளில் புகுந்து வசனம் சொன்னார். நம் நாடகங்களில் பபூன் சிரிப்பு அடங்கக் காத்திருப்பது அவர் உடம்பிலேயே ஊறியிருக்கிறது.

ஓர் ஆண் ஏன் இன்னோர் ஆணை மணக்க வேண்டும் என்று ஜோ கேட்கிறான். பாதுகாப்புக்காக என்று ஜெர்ரி சட்டென்று சொல்கிறான். முன்வரிசையில் பலர் தலையசைத்தார்கள்.

இரண்டு கலைகள்

மறுநாள் சித்தப்பாவிடம் நெடுநேரம் பேசினேன். அவருக்குப் படம் பிடித்திருந்தது, ஆனால் ஒரு குறை. "அந்தப் பெரிய வயலின்காரனுக்கு வேடம் பொருந்தவே இல்லை. நான் வள்ளி வேடம் கட்டி வந்தால் என் அம்மாவே ஒரு நொடி தயங்குவார்" என்றார்.

வேடக் கலையின் ஒரு பெரும் பிரிவு இந்தப் பேச்சில் இருக்கிறது. சங்கரதாஸ் சுவாமிகளின் (1867–1922) நாடகங்களை ஆடிய பாய்ஸ் கம்பெனிகளில், அதாவது சிறுவர் நாடகக் குழுக்களில், பையன்களே ஸ்திரீபார்ட் என்ற பெண் வேடம் கட்டினார்கள். சிவாஜி கணேசன் தொடங்கியதும் அப்படித்தான். அவ்வையாராக நடித்தே பட்டம் பெற்ற டி.கே. சண்முகத்தின் நினைவாகத்தான் அந்த 1996ஆம் ஆண்டுப் படத்துக்குப் பெயர் வைத்தார்கள். எதிர்த் திசையிலும் நடந்தது. 1935இல் 'பக்த நந்தனார்' படத்தில் கே.பி. சுந்தராம்பாள் நந்தனாராகவே நடித்தார். இந்தக் கலையில் வெற்றி என்றால், வேடத்துக்குள் இருப்பது யார் என்பதைப் பார்ப்பவர் மறந்துவிட வேண்டும். சிரிப்புக்கு அங்கே இடமே இல்லை.

வைல்டரின் படத்தில் வெற்றி என்றால் நேர்மாறு. கதைக்குள் இருப்பவர்கள் யாரும் கண்டுபிடிக்கக் கூடாது, பார்வையாளர் ஒரு கணமும் மறக்கக் கூடாது. பெண் வேடத்துக்குப் புகழ்பெற்ற சர்க்கஸ் கலைஞர் பார்பெட்டை வரவழைத்து இரு நடிகர்களுக்கும் பயிற்சி கொடுத்தார்கள். ஜோவாக நடித்த டோனி கர்டிஸ் அதை ஒழுங்காகக் கற்றுக்கொண்டார். லெமன் மறுத்தார். மிகச் சரியாக நடந்துவிட்டால் டாஃப்னி செத்துவிடுவாள் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. ஒப்பனை வண்ணப் படச்சுருளில் பச்சை பூத்துத் தெரிந்ததால்தான் படம் கறுப்பு வெள்ளையில் எடுக்கப்பட்டது. முகங்கள் மிகையாகவும் தெரியக் கூடாது, முழுதாக மறையவும் கூடாது என்ற கவனம் எல்லாத் துறையிலும் இருந்தது. ஆடை வடிவமைத்த ஆரி-கெல்லிக்கு ஆஸ்கர் கிடைத்தது. அந்தப் படத்துக்குக் கிடைத்த ஒரே ஆஸ்கர் அது.

இதையெல்லாம் கேட்டுவிட்டுச் சித்தப்பா, "அப்படியானால் பொருந்தாமல் நடிக்கத்தான் அவனுக்குக் கூலி. அது என் வேலையைவிடக் கஷ்டம்" என்றார். வேறு கலையை இவ்வளவு விரைவாகவும் பெருந்தன்மையோடும் ஏற்றுக்கொள்ளும் கலைஞர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

சட்டை

படம் முடிந்த பிறகு நடந்த பேச்சில்தான் நான் தலைப்பில் வைத்திருக்கும் விஷயம் வந்தது. ஆண்கள் சேலை கட்டினால் ஏன் சிரிப்பு வருகிறது என்று எங்கள் குழுவைச் சேர்ந்த ஒருவர் கேட்டார். பலரும் பொதுவாக ஏதோ சொன்னார்கள். பாசி எடுக்கும் ஒரு நடுவயதுப் பெண் எழுந்து சொன்னார்: "நான் கல்யாணமான நாளிலிருந்து அவர் சட்டையைப் போட்டுத்தான் கடலில் இறங்குகிறேன். ஒருவரும் சிரித்ததில்லை. அவர் என் சேலையை ஒருநாள் கட்டிக்கொண்டு கரையில் நடக்கட்டும், ஊரே கூடிவிடும்." அவர் கணவர் பின்னால்தான் நின்றிருந்தார். "நடக்க மாட்டேன் தாயே" என்றார். எல்லோரும் சிரித்தார்கள், அந்தப் பெண்ணைத் தவிர. அவர் கேள்வியாகவே கேட்டிருந்தார்.

அவர் சொன்னதை நான் இப்படிப் புரிந்துகொள்கிறேன். பெண் சட்டை போட்டால் அது வேலை உடுப்பு. அவள் ஏறிப் போகிறாள், அதில் சிரிக்க ஒன்றும் இல்லை. ஆண் சேலை கட்டினால் அவன் இறங்கிப் போகிறான், அதனால் சிரிப்பு. எந்த உடையைப் போட்டால் சிரிக்கிறோம் என்பதை வைத்தே, எந்த உடையைத் தாழ்வாக வைத்திருக்கிறோம் என்று கணக்குப் போட்டுவிடலாம். வைல்டரின் படம் ஜெர்ரியை அந்தப் படிக்கட்டில் இறக்கிவிட்டு, அங்கேயே கொஞ்ச நாள் வாழவைத்து, அங்கே அவனுக்கு வலியும் தோழமையும் ஒரு வைர வளையலும் கிடைப்பதைக் காட்டுகிறது. கடைசிக் காட்சியில், தான் ஆண் என்று தலைமுடியைக் கழற்றிச் சொன்ன பிறகும் ஆஸ்குட் படகைத் திருப்பாமல் ஓட்டிக்கொண்டே போகிறார். இறக்கம் என்று ஒன்று இருப்பதாகவே அந்த மனிதருக்குத் தெரியவில்லை.

அடுத்து நடந்தது

திரையிடலோடு இது முடிந்திருக்கும். முடியவிடாதவர்கள் அந்தப் பெண்கள்தான். ஊர்த் திருவிழாவில் தாங்களே ஒரு சிறு நாடகம் போடப்போவதாகச் சொல்லி அனுப்பினார்கள். ஆண் வேடங்களையும் பெண்களே கட்டுவார்கள். கதை, காய்ந்த பாசியை எடைக்கு வாங்கும் வியாபாரி பற்றியது. மணல் கழிவு, ஈரக் கழிவு என்று சொல்லி மூட்டைக்கு மூட்டை எடையைக் குறைக்கும் ஒரு வியாபாரி. வேடத்துக்குப் புதிதாக உடை வாங்கவில்லை. கடலில் போடும் அதே சட்டைகளைத் துவைத்து இஸ்திரி போட்டிருக்கிறார்கள்.

பயிற்சி கொடுப்பவர் சித்தப்பா. வியாபாரியாக நடிக்கும் பெண் முதலில் நெஞ்சை நிமிர்த்தி வேகமாக நடந்து காட்டினார். சித்தப்பா நிறுத்தினார். "வேகமாக நடப்பது நீ. மூட்டையைத் தூக்கிக்கொண்டு வெயிலில் ஓடி வருவது நீ. அவன் ஏன் வேகமாக நடக்க வேண்டும்? நீங்கள்தானே காத்திருக்கிறீர்கள்." அந்தப் பெண் மறுபடி நடந்தார், மிக மெதுவாக, தராசைப் பார்க்காமலே. கூடியிருந்தவர்களுக்கு யாரென்று உடனே தெரிந்துவிட்டது.

நாடகத்துக்கு இன்னும் முடிவு எழுதப்படவில்லை. கடைசியில் வியாபாரி முழு எடைக்குப் பணம் கொடுப்பதாகக் காட்ட வேண்டும் என்கிறது ஒரு தரப்பு. நடக்காததை ஏன் காட்ட வேண்டும், பெண்கள் மூட்டையைத் தூக்கிக்கொண்டு வேறு இடம் பார்த்துப் போய்விட வேண்டும் என்கிறது இன்னொரு தரப்பு. வியாபாரி வேடம் கட்டும் பெண் இரண்டையும் ஏற்கவில்லை. தன் பாத்திரம் மேடையிலேயே சட்டையைக் கழற்றி, உள்ளே இருக்கும் சேலையைக் காட்டி, இப்போது நீங்களே எடை போடுங்கள் என்று சொல்ல வேண்டும் என்கிறார்.